தணிகாசலத்துக்காக நடந்தவர்

காரைமலை அடிவாரத்து மடத்துக்கு முதல் முறை வருகிறவர்கள் பெரும்பாலும் தவறான ஆளின் காலில்தான் விழுவார்கள்.

தணிகாசலத்துக்கு அறுபது தாண்டியிருந்தது. நெஞ்சுவரை வெள்ளைத் தாடி, நெற்றி நிறைய விபூதி, அவருக்கு முன்னால் போகும் தொந்தி. பார்த்தவுடன் கும்பிடத் தோன்றும் உருவம். ஆனால் அவர் மடத்தின் சமையற்காரர். குருவுக்கு அவரைவிட வயது குறைவு. ஒல்லியான மனிதர். எல்லோரும் அவரைச் சாமி என்று மட்டும் கூப்பிட்டார்கள். ஆட்கள் வரும் நேரத்தில் சாமி வாசலைப் பெருக்கிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருப்பார்.

"எழுந்திருங்க, சாமி அங்க இருக்கார்" என்று தணிகாசலம் கரண்டியால் காட்டுவார்.

விழுந்தவர்கள் வெட்கத்தோடு எழுந்து வாசல் பக்கம் போவார்கள். சாமி கையைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்ல. அவர் சமையலைச் சாப்பிட்ட பிறகு திரும்பவும் அவர் கால்லதான் விழுவீங்க" என்பார்.

தணிகாசலம் ஆரணியில் மெஸ் நடத்தியவர். மனைவி காலமான பிறகு கடையை மகனிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்து தன்னைச் சீடனாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டார்.

"என்ன தெரியும் உங்களுக்கு?" என்றார் சாமி.

"சமைக்கத் தெரியும்."

"அதையே செய்ங்க."

அன்று அடுப்படிக்குள் போனவர் அதற்குப் பிறகு அதிகம் வெளியே வரவில்லை. அடுப்பிலிருந்து சாமான் வைக்கும் உக்கிராண அறைக்கு, உக்கிராண அறையிலிருந்து அடுப்புக்கு. அவருடைய காலுக்குத் தெரிந்த தூரம் அவ்வளவுதான். ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்ப்பார். உப்பு தாராளமாக விழும் கை. நெய்யும் அப்படியே. எல்லாம் முடிந்ததும் பின்வாசல் படியில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, ஒரு துண்டுப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்.

ஆடி அமாவாசையன்று நல்ல கூட்டம். சாம்பார் அண்டாவை இறக்கப் போனவர் இறக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார். இலை போட்டுக்கொண்டிருந்த சாமி திரும்பிப் பார்த்தார். தணிகாசலத்தின் முகம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, "கை கனக்குது சாமி" என்றார். வேர்த்துக் கொட்டியது. அடுப்புச் சூட்டில் வரும் வேர்வை அல்ல அது.

ஆட்டோவில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் ரெஹானா இளம் வயதுக்காரர். மெதுவாகப் பேசினாலும் ஒவ்வொரு சொல்லையும் அழுத்தமாகச் சொல்பவர். சில நாள் கழித்து, வீட்டுக்கு அனுப்புமுன், கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தப்பிச்சிருக்கீங்க. இதயத்துக்குப் போற ரத்தக்குழாய் ஒண்ணு அடைச்சுக்கிச்சு. சீக்கிரம் வந்ததால மருந்துலயே திறந்துடுச்சு. மறுபடி அடைக்காம பார்த்துக்கிறது உங்க கையிலதான் இருக்கு."

"சொல்லுங்கம்மா."

"மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. புகையிலை வேண்டவே வேண்டாம். உப்பு, நெய், எண்ணெய் எல்லாத்துலயும் கையைச் சுருக்குங்க. தினமும் நடக்கணும். முதல்ல முற்றத்துக்குள்ளயே. நான் சொன்ன பிறகு வெளியே, கொஞ்சம் கொஞ்சமா. நேரத்தோட தூங்கணும். வீட்டுல சண்டை சச்சரவு உண்டா?"

"வீடு இல்லைம்மா. மடம்."

"மடத்துல?"

"பால்காரன் கோதண்டத்தோட மட்டும். தண்ணி கலக்கிறான்."

"அதையும் விடுங்க."

"விடலைன்னா?"

"அடுத்த தடவை ஆட்டோ இங்க வந்து சேரணுமே, தாத்தா" என்றார் டாக்டர். 

தணிகாசலம் மடத்துக்குத் திரும்பினார். மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கினார். மற்ற எதையும் செய்யவில்லை. வெளியே நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய பிறகும் அடுப்படியை விட்டு நகரவில்லை. ஆனால் பயம் இருந்தது. இரவில் படுத்தால் நெஞ்சின் மேல் கை வைத்து, அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே கிடப்பார்.

ஒரு நாள் சாமியிடம் வந்து நின்றார். சாமி குழாயடியில் இருந்தார்.

"சாமி, ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்க."

"என் நெஞ்சை நான் எப்படிக் காப்பாத்திக்கிறது?"

"டாக்டரம்மா சொல்லலையா?"

"சொன்னாங்க. அதெல்லாம் என்னால ஆகிற காரியமா? விடிஞ்சா அடுப்பு. நான் நடக்கப் போனா உலை வைக்கிறது யாரு? புகையிலை என் கல்யாணத்துக்கு முன்னாடியே வந்தது. உப்பைக் குறைச்சா சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அதனால..."

"அதனால?"

"எனக்காக நீங்க செய்யணும்."

சாமி குழாயைத் திருகுவதை நிறுத்தினார்.

"எதை?"

"எல்லாத்தையும். நடக்கிறதை, உப்பு குறைக்கிறதை, எல்லாத்தையும்." தணிகாசலம் அருகே குந்தினார். இதைப் பல நாளாக யோசித்து வைத்திருந்தார் என்பது தெரிந்தது. "சின்ன வயசுல எனக்கு மஞ்சக்காமாலை சாமி. எங்கம்மா மொட்டை போட்டுக்கிட்டாங்க. முடி அவங்களுது, காமாலை என்னுது. போச்சா இல்லையா? எங்க மெஸ்ஸுக்குப் பக்கத்து வீட்டுல புருஷன் நல்லா இருக்கணும்னு பொண்டாட்டி விரதம் இருப்பா. அவ பட்டினி கிடப்பா, இவன் எங்கிட்ட வந்து ரெண்டு முட்டை தோசை தின்னுட்டுப் போவான். ஆள் இன்னிக்கும் கல்லு மாதிரி இருக்கான். சாதாரண ஜனங்க விரதம் இருந்தாலே பலிக்குது. குரு இருந்தா?"

சாமி வெகுநேரம் யோசித்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. இதுவரை பார்த்திராத ஒரு பூச்சியை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பவர் போல இருந்தார்.

"மாத்திரையையும் நானே சாப்பிடணுமா?"

"அது எப்படி? மாத்திரை மருந்து சாமி. என் வயித்துக்குள்ளதான் போகணும்."

"நடக்கிறது?"

"அது விரதம் மாதிரி."

"ஓ" என்றார் சாமி. பிறகு, "கோதண்டத்துகிட்ட கோபப்படாம இருக்கிறதுன்னு ஒண்ணு இருக்காமே. அதை எப்படி உங்களுக்குப் பதிலா நான் செய்யறது?"

"பால்ல தண்ணி தெரிஞ்சா நீங்க சும்மா இருங்க."

"நான் எப்பவும் சும்மாத்தானே இருக்கேன்."

"இனிமே எனக்காகச் சும்மா இருங்க."

சாமி தலையாட்டினார். "நான் இந்த மாதிரி செஞ்சு பார்த்ததில்ல. பலிக்குமான்னு எனக்கும் தெரிஞ்சுக்கணும். நாளையிலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

தணிகாசலத்துக்கு அன்றிரவு நல்ல தூக்கம் வந்தது.

காலையில் சாமி முதலில் கேட்டது புகையிலையைத்தான்.

"உங்க சுருக்குப்பையைக் கொடுங்க."

"எதுக்கு சாமி? நீங்கதான் போடுறதில்லையே."

"அதான் சங்கடம். எங்கிட்ட இல்லாத ஒண்ணை நான் எப்படி விடுறது? இருந்தாத்தானே விட முடியும்."

இதில் தப்பு எதுவும் தணிகாசலத்துக்குத் தெரியவில்லை. பையை அவிழ்த்துக் கொடுத்தார். சாமி அதைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, நாள் முழுவதும் புகையிலை போடாமல் இருந்தார். தணிகாசலம் பின்வாசல் படியில் உட்கார்ந்து வெறும் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார். குருவின் இடுப்பிலிருந்து புகையிலையை உருவுவதற்கு எந்தச் சீடனுக்கும் கை வராது. கடையில் வேறு வாங்கலாம். ஆனால் குரு தனக்காக விட்டிருக்கும் பொருளை எந்த முகத்தோடு போய் வாங்குவது?

சாயங்காலம் தலை வலித்தது. எரிச்சலாக வந்தது.

"கஷ்டமா இருக்கா சாமி?" என்று கேட்டுப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலை. உங்களுக்கு?"

"எனக்குத்தான் தலை இடிக்குது."

"ஆச்சரியமா இருக்கே" என்றார் சாமி.

அடுத்தது நடை. வெளுக்கும்போதே சாமி வாசலில் இறங்கினார். ஐப்பசி மாதம், தூறலா வெயிலா என்று சொல்ல முடியாத வானம். குரு தனக்காகத் தனியே நடந்துபோவதைத் தணிகாசலம் அடுப்படி ஜன்னல் வழியே பார்த்தார். உலையைப் பார்த்தார். பரிமாற வரும் பெண்களிடம் உலையைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

"நீங்க எதுக்கு வர்றீங்க? நான்தான் நடக்கிறேனே" என்றார் சாமி.

"நான் நடக்கலை சாமி. குடை பிடிக்கிறேன்."

"அப்ப சரி."

சாமி எப்போதும் விறுவிறுவென்று நடப்பவர். அன்று ஆமை மாதிரி நடந்தார். சாலை திரும்பும் இடத்தில் நின்றே விட்டார்.

"என்ன சாமி, உடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன? இது உங்க நடை. உங்க வேகத்துலதானே நடக்கணும். இப்ப மூச்சு வாங்குதா?"

"எனக்கு வாங்குது."

"அப்ப நான் உட்காரணும்" என்று சொல்லி, சாமி அங்கிருந்த மதகின் மேல் உட்கார்ந்தார்.

குரு உட்கார்ந்த பிறகு உட்காரலாம் என்பதால் தணிகாசலமும் உட்கார்ந்தார். வயலில் கொக்குகள் இறங்குவதை இருவரும் பார்த்தார்கள். மூச்சு அடங்கியதும் சாமி எழுந்தார். இவரும் எழுந்தார்.

அன்று மதகிலிருந்தே திரும்பினார்கள். கொஞ்ச நாளில் அதைத் தாண்டி இருந்த ஆலமரம்வரை போனார்கள். பிறகு அதற்கும் அப்பால் இருந்த டீக்கடைவரை. எவ்வளவு தூரம் என்பதைச் சாமி தன் காலைக் கேட்டு முடிவு செய்யவில்லை. தணிகாசலத்தின் மூச்சைக் கேட்டே முடிவு செய்தார்.

"உங்களுக்குக் குடை பிடிக்கவே ஒரு ஆள் வேணுமா சாமி?" என்று டீக்கடைக்காரர் ஒரு நாள் கேட்டார்.

"எனக்கு இல்ல. இவருக்காக நான் நடக்கிறேன். எனக்காக இவர் குடை பிடிக்கிறார்."

டீக்கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ ஆற்றப் போய்விட்டார்.

சாப்பாட்டில்தான் தணிகாசலம் நிஜமாகத் தவித்தார். வருகிறவர்களுக்குப் பெரிய அண்டாக்களில் சமைத்தாலும், சாமிக்குத் தனியாகச் சின்னப் பாத்திரத்தில் சமைப்பார். சாமி சாப்பிட்ட பிறகு அந்தப் பாத்திரத்தில் மிஞ்சுவதுதான் தணிகாசலத்தின் சாப்பாடு. மடத்துக்கு வந்த நாளில் அவராகவே கேட்டு வாங்கிக்கொண்ட உரிமை அது. வேறு யாரையும் அந்தப் பாத்திரத்தைத் தொட விடமாட்டார்.

"உங்களுக்காக இன்னிலேர்ந்து என் சாப்பாட்டுல உப்பு கொஞ்சம், நெய் துளி" என்றார் சாமி.

தணிகாசலம் அப்படியே சமைத்தார். சாமி ரசித்துச் சாப்பிட்டார். அவருக்குப் பிறகு தணிகாசலம் ஒரு வாய் வைத்தார். நாக்கு திரும்பிப் படுத்துக்கொண்டது. ஊறுகாய் ஜாடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சாமி ஊறுகாய் தொடாமல் சாப்பிட்டிருந்தார். அதுவும் இவருக்காக. ஜாடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்துபோய் அதை உக்கிராண அறையில் வைத்துவிட்டு வந்தார்.

பிறகு சமையற்காரருக்கே உரிய ரோஷம் வந்தது. குருவுக்கு ருசியில்லாததைப் போடுவதா? சீரகத்தை வறுத்துப் பொடித்துப் பார்த்தார். சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டார். எலுமிச்சையை எந்த நேரத்தில் பிழிந்தால் உப்பின் குறை தெரியாது என்பதைக் கண்டுபிடித்தார். இந்த வேலையில் மூழ்கியதில் அண்டாக்களை ருசி பார்க்கும் வேலையைப் பரிமாறும் பெண்களிடமே விட்டுவிட்டார்.

தூக்கம் எளிதாக முடிந்தது. சாமி விளக்கணைத்த பிறகு மடத்தில் வேறு விளக்கு எரியும் வழக்கமில்லை. சாமி சீக்கிரம் அணைத்தார்.

கோதண்டம்தான் குழம்பிப் போனார். பாலை ஊற்றிவிட்டு வழக்கமான வசவுக்காகக் காத்திருந்தார். தணிகாசலம் பாலைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். சாமி சும்மா இருந்தார். தணிகாசலம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"என்ன சமையல் சாமி, உடம்புக்கு ஆகலையா? ஒண்ணுமே சொல்லலையே" என்றார் கோதண்டம், கொஞ்சம் பயந்தபடி.

தை பிறந்த பிறகு தணிகாசலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் ரெஹானா ரத்த அழுத்தம் பார்த்தார். சந்தேகப்பட்டு மறுபடி பார்த்தார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார். எடை பார்க்கச் சொன்னார்.

"ரொம்ப நல்லா இருக்கு. என்ன செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் செய்யலைம்மா. எல்லாம் சாமி செஞ்சாரு."

"அவர் என்ன செஞ்சாரு?"

"நடந்தாரு. புகையிலையை விட்டாரு. உப்பைக் குறைச்சாரு."

டாக்டர் பேனாவை மூடினார். ஏதோ கேட்க வந்தவர், வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "எதுவா இருந்தாலும் அதை விட்டுடாதீங்க" என்றார்.

தணிகாசலம் பஸ்ஸில் அதை நினைத்துக்கொண்டே வந்தார். டாக்டரம்மா படித்தவர், ஆனால் வேண்டுதல் விஷயம் தெரியாதவர். வேண்டுதல் நிறைவேறினால் அதோடு முடித்துவிட வேண்டும், முடித்ததற்கு ஒரு பொங்கல் வைக்க வேண்டும். மேலே மேலே செய்துகொண்டிருப்பது பேராசை.

சாமியிடம் வந்து கும்பிட்டார். "பலிச்சுடுச்சு சாமி. எனக்காக ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க. நிறுத்திக்கலாம்."

"நிறுத்திக்கலாமா?"

"முடிஞ்ச வேண்டுதலை இழுத்துக்கிட்டே போகக்கூடாது."

"எனக்கு அந்த முறையெல்லாம் தெரியாது. நீங்க சொன்னா சரி" என்றார் சாமி. இடுப்பிலிருந்த சுருக்குப்பையை எடுத்துக் கொடுத்தார். "உங்களுது. பத்திரமா இருக்கு."

அன்று மடத்தில் சர்க்கரைப் பொங்கல். நெய் இலையில் ஓடி வழிந்தது. தணிகாசலம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பின்வாசல் படியில் உட்கார்ந்து, இத்தனை மாதத்துக்குப் பிறகு கன்னத்தில் புகையிலையை அடக்கினார்.

அடுத்த நாள் விடியும்போது விழிப்பு வந்தது. கால்கள் தாமாகவே வாசல்வரை போய் நின்றன. சாமி வரவில்லை. தணிகாசலம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுப்படிக்குத் திரும்பினார். சில நாளில் அந்த விழிப்பும் வராமல் போனது. ஊறுகாய் ஜாடி பழைய இடத்துக்கு வந்தது. கோதண்டத்துக்கும் வசவு திரும்பக் கிடைத்தது. அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பங்குனி வெயில் ஏறியபோது தணிகாசலத்துக்கு மறுபடியும் மூச்சு வாங்கியது. முதலில் அடுப்புச் சூடு என்று நினைத்தார். ஒரு நாள் அரிசி மூட்டையை நகர்த்தும்போது நெஞ்சுக்குள் யாரோ கயிற்றை இறுக்கியதுபோல இருந்தது. மூட்டை மேலேயே உட்கார்ந்தார். டாக்டரம்மா கொடுத்திருந்த சின்ன மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். கயிறு மெல்லத் தளர்ந்தது. எழுந்ததும் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்.

டாக்டர் ரெஹானாவுக்குக் கோபம்தான்.

"தையில அவ்வளவு நல்லா இருந்தீங்களே. என்ன ஆச்சு?"

"சாமி நடக்கிறதை நிறுத்திட்டாரும்மா."

டாக்டர் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார். இந்தத் தடவை கூட்டத்தைப் பார்க்கவில்லை.

"உங்க சாமி நடந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"பின்னாடி. குடை பிடிச்சுக்கிட்டு."

"தினமுமா?"

"குருவைத் தனியா விட முடியுமாம்மா?"

"அவர் சாப்பிட்ட உப்பில்லாத சாப்பாடு?"

"அதுல மிச்சம்தான் எனக்கு."

டாக்டர் சீட்டில் மாத்திரையை மாற்றி எழுதினார். எழுதும்போது சிரிப்பு வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை.

"தாத்தா, இது எச்சரிக்கை. மூணாவது தடவை இப்படி வந்து உட்கார்ந்து பேச முடியும்னு நான் சொல்ல மாட்டேன். கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க. அப்புறம் உங்க சாமியை மறுபடி நடக்கச் சொல்லுங்க. குடையை மட்டும் மறந்துடாதீங்க."

ஓய்வு முடிந்து, நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று தணிகாசலம் சாமியைத் தேடிப் போனார். சாமி பலகையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கி, துணி சுற்றியிருந்தது. முதல் நாள் சாயங்காலம் கிணற்றடியில் வழுக்கி விழுந்திருந்தார்.

தணிகாசலம் அந்தக் காலைப் பார்த்தபடி நின்றார். அவருக்குத் தன் நெஞ்சிலேயே அடி விழுந்த மாதிரி இருந்தது.

"எப்ப சாமி நடக்க முடியும்?"

"வீக்கம் வடியணும். சித்திரை ஆகலாம்."

"அதுவரைக்கும்?"

சாமி தெரியவில்லை என்பதுபோலக் கையை விரித்தார்.

தணிகாசலம் வெளியே வந்தார். பால் ஊற்ற வந்த கோதண்டம் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். தணிகாசலம் அவர் அருகே போய், இதுவரை பேசாத குரலில் பேசினார்.

"கோதண்டம், ஒரு உதவி. எனக்காகத் தினமும் டீக்கடைவரை நடந்துட்டு வர்றியா?"

"அங்க என்ன வாங்கணும்?"

"ஒண்ணும் வாங்க வேண்டாம். நடந்தா போதும்."

கோதண்டம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எனக்காக நான் நடக்கவே எனக்கு நேரமில்ல சமையல் சாமி. நானே சைக்கிள்ல போறவன். வேணும்னா உனக்காகச் சைக்கிள்ல போயிட்டு வரேன், அது கணக்குல வருமா?"

தணிகாசலம் உண்மையாகவே யோசித்தார். "வராது" என்றார்.

"அப்ப உனக்காக இன்னிக்குப் பால்ல தண்ணி கலக்கலை. அதை வச்சுக்க" என்று சொல்லிவிட்டுக் கோதண்டம் மணியடித்துக்கொண்டு போனார்.

தணிகாசலம் சாமியிடம் திரும்பினார்.

"யாரும் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க சாமி. எனக்குப் பயமா இருக்கு."

அவர் பயம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சாமி பலகையில் நகர்ந்து இடம் விட்டார். தணிகாசலம் உட்காரவில்லை.

"நடக்க வேண்டியது நான்தானே?" என்றார் சாமி.

"ஆமா சாமி."

"எனக்குக் கால் முடியலை. எனக்குப் பதிலா ஒரு ஆளை அனுப்பினா வேண்டுதல் கெட்டுப் போகுமா?"

தணிகாசலம் விதிகளை மனதில் புரட்டிப் பார்த்தார். "கெடாது. காவடி எடுக்கறவருக்கு முடியலைன்னா தம்பி எடுத்திருக்கான். பார்த்திருக்கேன்."

"அப்ப எனக்குப் பதிலா நீங்க போங்க."

"நானா?"

"உங்களைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு யாரு இருக்கா?"

அதற்கு மேல் மறுக்கச் சீடனுக்கு வழியில்லை. தணிகாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு அது அடுப்படித் துண்டு என்று ஞாபகம் வந்து, அதை ஆணியில் மாட்டிவிட்டு வெறும் தோளோடு இறங்கினார். குருவின் இடத்தில் போகிற ஆள் மசாலா வாசனையோடு போகக்கூடாது.

சாலையில் அவருக்கு முன்னால் யாரும் இல்லை. இத்தனை மாதமும் சாமியின் முதுகைப் பார்த்தே நடந்திருந்தார். காவித் துணியில் கழுத்தோரம் இருந்த தையல்கூட அவருக்கு மனப்பாடம். இப்போது அந்த இடத்தில் சாலை நீளமாகக் கிடந்தது. வேகமாகப் போவதா மெதுவாகப் போவதா என்று தெரியவில்லை. சாமியாக இருந்தால் என்ன செய்வார் என்று நினைத்தார். சாமி தன் மூச்சைக் கேட்பார். எனவே தணிகாசலம் தன் மூச்சைக் கேட்டார். அது இவ்வளவு சத்தம் போடும் என்று அவருக்குத் தெரியாது.

மதகில் உட்கார்ந்தார். உட்காரச் சொல்ல யாரும் இல்லை. எழுந்திருக்கச் சொல்லவும் யாரும் இல்லை. வயல் அறுத்துக் கிடந்தது. மூச்சு அடங்கியதும் தானாகவே எழுந்து, கொஞ்சம் தள்ளிப் போனார். ஆலமரம் தெரிந்தது. ஓய்வுக்குப் பிறகு முதல் நாள் அவ்வளவு தூரம் வேண்டாம் என்று சாமி சொல்லியிருப்பார். அதனால் திரும்பினார்.

குறுக்குப் பாதையிலிருந்து சாலையில் ஏறிய ஒரு குடும்பம், பழத்தட்டோடு மடத்துக்குப் போகிறவர்கள், அவரைப் பார்த்ததும் சாலையிலேயே காலில் விழுந்தார்கள். வழக்கம்போல, "சாமி அங்க இருக்கார்" என்று சொல்ல வாயெடுத்தார். இன்று தான் யார் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. "எழுந்திருங்க, வெயில் ஏறுது" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

மடத்துக்குள் வந்தபோது தாடி நனைந்து மார்போடு ஒட்டியிருந்தது. நெற்றியிலிருந்து விபூதி கரைந்து இமைக்கு வந்திருந்தது.

"போயிட்டு வந்தாச்சா?" என்றார் சாமி.

"வந்தாச்சு. மதகைத் தாண்டிக் கொஞ்சம்."

"வலி?"

"இல்ல."

சாமி தலையசைத்தார். தணிகாசலம் போகாமல் நின்றார்.

"சாமி, ஒண்ணு புரியலை."

"என்ன?"

"நீங்க எனக்காக நடக்கணும். உங்களுக்காக நான் நடந்தேன். வழி முழுக்க யோசிச்சுப் பார்த்தேன். இன்னிக்கு நான் நடந்தது யாருக்காக?"

சாமி அவரை உற்றுப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, தலைக்கு மேல் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த தன் வெள்ளைத் துண்டை இழுத்தார். தணிகாசலம் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

சாமி கொடுக்கவில்லை. உலர்ந்திருந்த தன் நெற்றியைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். காதுக்குப் பின்னால் ஒத்தினார். துண்டின் இரண்டு நுனியையும் பிடித்து முதுகுக்குக் குறுக்கே இழுத்து, அவசரமில்லாமல், நன்றாகத் துடைத்தார். துண்டை மடித்து மறுபடியும் கொடியில் போட்டார்.

"உங்க வேர்வையை நான் துடைச்சுட்டேன்" என்றார். "காஞ்சுதா?"

தணிகாசலம் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். மூக்கு நுனியில் திரண்டிருந்த ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.